45 நாள் கார்: விக்டோரியாவின் கிளப் பெர்மிட் விதியை வாசித்தல்

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். அரசாங்க விதிகளுக்கு யாரும் எழுதுவதில்லை. ஒன்று திட்டுவோம், இல்லாவிட்டால் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். ஆனால் விதியை எழுதியவரும் ஒருவகையில் கதாசிரியர்தான். ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள், எங்கே ஏமாற்றப் பார்ப்பார்கள், எங்கே அவர்களை நம்பலாம் என்றெல்லாம் அவர் கற்பனை செய்துதான் எழுதியிருக்கிறார். அந்தக் கற்பனை எவ்வளவு சரி என்று கேட்பதுதான் விதிக்கான விமர்சனம் என்று நினைக்கிறேன்.

இந்தக் குறிப்பில் நான் எடுத்துக்கொள்வது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பழைய கார்களுக்காக இருக்கும் கிளப் பெர்மிட் திட்டம். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம். வாரக் கடைசியில் ரோட்டில் போகும் பளபளப்பான பழைய ஹோல்டனையோ ஃபோர்டையோ பார்த்து "சிவப்பு பிளேட் வண்டி" என்று சொல்வார்கள், அதுதான். மற்றவர்களுக்காக முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விதி என்ன சொல்கிறது

வண்டி தயாராகி 25 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சொந்தக்காரர், விக்ரோட்ஸ் அங்கீகரித்த ஏதாவது ஒரு கார் சங்கத்தில் சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிக்கும்போது வண்டி ஓடத் தகுதியானது என்று ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். 1949-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் சங்கத்துக்காரர்களே பரிசோதித்துச் சொன்னால் போதும். எஞ்சினையோ பிரேக்கையோ பெரிதாக மாற்றியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பொறியாளரின் சான்று. இவ்வளவும் கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு பெர்மிட், ஒரு ஜோடி நம்பர் பிளேட், ஒரு லாக்புக்.

பெர்மிட் இரண்டு வகை: 45 நாள், 90 நாள். 45 வாங்கியவர் அது தீர்ந்துபோனால் அதே வருஷத்தில் இன்னொரு 45 வாங்கிக்கொள்ளலாம். 90-க்கு மேல் கிடையாது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும், எடுப்பதற்கு முன்னால், லாக்புக்கில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதிய அந்த வரி அன்று நள்ளிரவு வரை செல்லும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் நகர்த்துவதற்கு எழுத வேண்டியதில்லை. எழுதாமல் ரோட்டுக்கு வந்தால், பதிவில்லாத வண்டியை ஓட்டிய குற்றம். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது. வருஷக் கடைசியில் புதுப்பிக்க மறுபடியும் சங்கத்தின் கையெழுத்து வேண்டும்.

அவ்வளவுதான். 2011-இல் இந்த லாக்புக் முறை வந்தது. அதற்கு முன்னால் இருந்த ஏற்பாடு, சங்கத்தின் ஊர்வலம், சங்கத்தின் கண்காட்சி என்று நோக்கத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. 2011-இல் நடந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்வதானால்: "எதற்கு ஓட்டுகிறாய்?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு "எத்தனை நாள் ஓட்டினாய்?" என்ற கேள்வியை வைத்தார்கள்.

இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த விதியை நான் மெச்சுகிறேன். அதே சமயம், இந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கும் "கிளப்" என்ற சொல்தான் அதன் பலவீனமான இடம் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

"எதற்கு" என்று கேட்டால் என்ன ஆகும்

நோக்கத்தைக் கேட்கும் விதிக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார், பைக்குகளுக்கு இது. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின்னால் வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபடி பதிவதற்கு 5,000.

அதில் ஒரு நிபந்தனை: கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க. இதற்கு மட்டும்தான் ரோட்டில் ஓட்டலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாத்தாவின் 1968 ஃபியட்டை ஒருவர் சரிபண்ணி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். இது விதிக்கு உட்பட்டதா? இல்லை. போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வார்? "பெட்ரோல் போடப் போறேன் சார்." அது பொய்தான், ஆனால் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் விதி இரண்டு வேலை செய்கிறது: நேர்மையானவரின் காரை ஷெட்டிலேயே நிறுத்திவைக்கிறது, மற்றவருக்குப் பொய் சொல்லப் பழக்குகிறது. எழுதியவரின் எண்ணம் கெட்டதில்லை. மனிதரின் மனசுக்குள் இருக்கும் ஒன்றை அளக்கப் போனதுதான் கோளாறு.

விக்டோரியா விதி இந்த வம்புக்கே போகவில்லை. கோயிலுக்குப் போ, மளிகைக்குப் போ, சும்மா கடற்கரைவரை போய்விட்டு வா. ஒரு நாள் ஒரு வரி. போலீஸ் பார்க்க வேண்டியது லாக்புக்கில் இன்றைய தேதி இருக்கிறதா என்பதை மட்டும். இருக்கிறது அல்லது இல்லை. வாக்குவாதத்துக்கு இடமே கிடையாது. நாட்களை எண்ண முடியும், நோக்கத்தை எண்ண முடியாது. எண்ணக்கூடியதை மட்டும் கேட்பது விதி எழுதுபவருக்கு இருக்க வேண்டிய அடக்கம்.

45 என்ற எண்ணை வாசித்தால்

ஒரு வருஷத்துக்கு 52 ஞாயிற்றுக்கிழமை. 45 நாள் பெர்மிட் வாங்கியவரால் எல்லா ஞாயிறும் காரை எடுக்க முடியாது. ஏழு ஞாயிறு கார் தூங்க வேண்டும். 90 நாள் வாங்கினால் எல்லா ஞாயிறும் ஆச்சு, மேலே 38 நாள் மிச்சம். ஆனால் சனியும் ஞாயிறும் சேர்த்தால் 104 நாள். 90 அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகிறது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த எண்களா, பேரம்பேசி வந்த எண்களா, எதுவானாலும் பலன் ஒன்றுதான். வாரக் கடைசிக் காராகக்கூட முழுசாக இருக்க முடியாத அளவுக்கு ஒரு வரம்பு. தினசரி வேலைக்குப் போகும் காராக இருக்கவே முடியாது.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, ஒரு வண்டியை வரலாற்று வண்டி என்று சொல்ல நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: 30 வயது, சரித்திரத்துக்கு ஒத்த நிலையில் பராமரிப்பு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமை, தொழில்நுட்ப-பண்பாட்டுச் சொத்தாக இருத்தல். இதில் மூன்றாவது நிபந்தனையை விக்டோரியா அப்படியே எண்ணாக மாற்றிவிட்டது. "தினசரி இல்லை" என்றால் எவ்வளவு? வருஷத்துக்கு 90. கேள்வி முடிந்தது.

சரி, இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. நாளை அலகாக வைத்ததில் ஒரு விசித்திரமான அநியாயம் உண்டு. தெருமுனைக் கடைக்குப் போய் பால் வாங்கி வந்தாலும் ஒரு நாள். விடிகாலையில் கிளம்பி சிட்னிவரை ஓட்டினாலும் ஒரு நாள். இரவு விருந்து முடிந்து 12 மணி 5 நிமிஷத்துக்கு வீடு திரும்பினால் இரண்டு நாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதற்கு வேண்டியது நீண்ட பயணத்தைவிட அடிக்கடி ஒரு சின்ன ஓட்டம். வாரத்துக்கு ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால் ரப்பர் சீல்கள் காயாது, பிரேக் பிடித்துக்கொள்ளாது, பேட்டரி சாகாது. வாசலில் நிறுத்தி வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைப்பதில் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். எஞ்சினுக்குள் ஈரம் தங்கிவிடும். 45 நாள் பெர்மிட் வாரத்துக்கு ஒரு ஓட்டத்துக்குக்கூடப் போதாது. 100 மீட்டர் சலுகையில் எஞ்சின் சூடாகாது. ஆக, வண்டியைக் காப்பாற்ற வந்த விதி, வண்டிக்கு நல்லதான பழக்கத்துக்கே காசு பிடிக்கிறது. 45-ஐ 52 ஆக்கினாலே இந்தக் குறை பாதி தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. வாரம் ஒன்று என்பது நினைவில் வைத்துக்கொள்ளவும் சுலபம்.

இது சலுகையா?

இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்வது: "பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு நாங்கள் ஏன் படியளக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்துவிடலாம்.

கட்டணங்கள் ஒவ்வொரு ஜூலையிலும் மாறும், அதனால் தோராயமாகவே சொல்கிறேன். மெல்பர்னில் ஒரு சாதாரணக் காருக்கு முழுப் பதிவு, அங்கே எல்லாரும் ரெஜோ என்று சொல்வது, வருஷத்துக்கு 900 டாலரை ஒட்டி வரும். விபத்தில் காயம்பட்டவருக்கு ஈடு கொடுக்கும் டி.ஏ.சி. கட்டணமும் அதில் அடக்கம். 45 நாள் பெர்மிட் 100 டாலரை ஒட்டி. அதிலும் டி.ஏ.சி. அடக்கம். ஒன்பதில் ஒரு பங்கு மாதிரித் தெரியும். ஆனால் நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 900-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு இரண்டரை டாலர். 100-ஐ 45-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டே கால். ஏறக்குறைய ஒரே விலை. ரோட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும் காசு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். இதைச் சலுகை என்பதைவிட சில்லறை விற்பனை என்று சொல்லலாம். மூட்டையாக வாங்க வசதியில்லாதவருக்குப் படிக்கணக்கில் அளந்து கொடுப்பதுபோல.

பாதுகாப்பு பற்றியும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: ஒருமுறை ரோட்வொர்த்தி வாங்கிவிட்டால் பிறகு வருஷாவருஷம் சங்கத்தின் கையெழுத்து மட்டும்தானே, வண்டியை யார் பார்க்கிறார்கள் என்று. பிரிட்டனிலிருந்தோ பக்கத்து நியூ சவுத் வேல்ஸிலிருந்தோ வருபவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அங்கே சாதாரணக் கார்களுக்கு வருஷாந்திரப் பரிசோதனை உண்டு. ஆனால் விக்டோரியாவில் சாதாரணமாகப் பதிவான காருக்கும் அது கிடையாது. விற்கும்போதோ, விட்டுப்போன பதிவை மறுபடி எடுக்கும்போதோதான் ரோட்வொர்த்தி கேட்பார்கள். இதைக் குறை என்று சொன்னால் மாநிலம் முழுவதற்குமான குறை. பழைய காரின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை.

யார் வாசலில் நிற்கிறார்கள்

இனி பலவீனத்துக்கு வருகிறேன்.

மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம், எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் 1996-ஆம் வருஷத்து ஃபோர்டு ஃபால்கன் ஒன்று. இந்த நாட்டுக்கு வந்து அவர் வாங்கிய முதல் கார். வாங்கும்போதே இரண்டாம் கை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம், டியூஷன், வயலின் வகுப்பு என்று ஏற்றி இறக்கியது அதில்தான். இப்போது வீட்டில் வேறு கார் இருக்கிறது. அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"விக்கலாமே அண்ணை?"

"விக்க மனமில்லைத் தம்பி. முழு ரெஜோ கட்டவும் கட்டுப்படியாகேல்லை. சிவப்பு பிளேட்டுக்குப் போகலாமெண்டால், அதுக்கு முதல் ஒரு சங்கத்திலை சேரட்டாம்."

அவர் முதலில் அணுகிய சங்கம் எதுவென்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். மூன்று மாதக் கூட்டத்துக்கு வாருங்கள், ஆள் யாரென்று பழகிக்கொண்ட பிறகு காரைப் பற்றிப் பேசலாம் என்றாராம். போகும்போது ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: "இந்தக் காரில் அப்படி என்ன விசேஷம்?"

அண்ணை என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? ஓடுது எண்டன்."

இரண்டாவதாகப் போன சங்கம் சந்தாவை வாங்கிக்கொண்டு, கார் படங்களைப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. பெர்மிட் கிடைத்தது. அதனால் இது சோகக் கதை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். விதியில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. 25 வயது ஆனதா, ஓடத் தகுதியா, அவ்வளவுதான் விதி கேட்பது. விசேஷம் உண்டா என்று கேட்டது, விதி வாசலில் நிறுத்திவைத்த ஆள்.

அரசாங்கம் ஏன் சங்கங்களை நிறுத்தியது என்பது புரிகிறது. ஒவ்வொரு பழைய காரையும் பார்க்க அதிகாரிகளை வைத்தால் செலவு. சங்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கார்களைப் பற்றி எந்த அதிகாரியையும்விட அதிகம் தெரியும், சம்பளமும் கேட்கமாட்டார்கள். தப்புத் தண்டா நடந்தால் சங்கத்தின் அங்கீகாரமே போய்விடும், அதனால் உறுப்பினர்களைத் தாங்களே கண்காணிப்பார்கள். மலிவான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. உண்மையில் பல சங்கங்களில் இது அழகாக நடக்கிறது. கார் பற்றி ஒன்றும் தெரியாமல் சேர்ந்தவர் இரண்டு வருஷத்தில் கார்புரேட்டரைக் கழற்றக் கற்றுக்கொள்கிறார். ஓய்வுபெற்ற மெக்கானிக்கின் கைவித்தை அடுத்தவருக்குப் போகிறது. பெர்மிட் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் இந்தச் சங்கங்களில் பல எப்போதோ ஆளில்லாமல் மூடியிருக்கும்.

ஆனால் விலை இருக்கிறது. சந்தா விட்டுப்போனால் பெர்மிட் செல்லாது. கார் நன்றாக இருக்கலாம், கட்டணம் கட்டியிருக்கலாம், லாக்புக் சுத்தமாக இருக்கலாம், இருந்தாலும் செல்லாது. சங்கத்துக்குள் யாரோடாவது மனஸ்தாபம் வந்து வெளியேறினால், வேறு சங்கம் கிடைக்கும்வரை கார் ஷெட்டில். அரசு செய்ய வேண்டிய ஒரு தீர்மானம், இரண்டு பேருக்கிடையே இருக்கும் உறவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கையெழுத்துப் போடுபவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சம்பளமில்லாமல் வேலை செய்பவர், தப்பானால் சங்கத்தின் பேர் கெடுமே என்று பயப்படுபவர், முன்பின் தெரியாத ஆளைவிடத் தெரிந்த ஆளுக்குச் சுலபமாகக் கையெழுத்துப் போடுவது மனித சுபாவம். அப்பாவோடு சின்ன வயசிலேயே கூட்டத்துக்கு வந்து போனவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கும். வேறு ஊரிலிருந்து வந்து, இரவு ஷிஃப்ட் வேலை பார்த்து, செவ்வாய்க்கிழமை இரவுக் கூட்டத்துக்கு வர முடியாதவருக்கு அது மூடியிருக்காது, ஆனால் தள்ளித் திறக்க வேண்டியிருக்கும்.

மறுபக்கத்தில், கையெழுத்து தேவை என்பதற்காகவே உறுப்பினராகி, ஒரு கூட்டத்துக்கும் வராமல் வருஷம் ஒருமுறை சந்தா மட்டும் அனுப்புபவர்களும் நிறைய. அங்கே சங்கம் சமூகமும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஆக, கண்டிப்பான சங்கம் விதியில் இல்லாததைக் கேட்கிறது, தளர்வான சங்கம் விதியில் இருப்பதையும் கேட்பதில்லை. "எத்தனை நாள்" என்று கறாராக எண்ணத் தெரிந்த விதி, "யார்" என்ற இடத்தில் மட்டும் கையைக் கழுவிக்கொண்டது.

மற்ற ஊர்களில்

இதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. பிரிட்டனில் 40 வருஷம் ஆன வண்டிக்குச் சாலை வரி இல்லை; 2018 மே மாதத்திலிருந்து, கடந்த 30 வருஷத்தில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு வருஷாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. சங்கம் தேவையில்லை, நாள் கணக்கு இல்லை. வயதை மட்டும் நம்புகிறார்கள். ஜெர்மனியில் 1997-இல் வந்த எச் நம்பர் பிளேட்டுக்கு 30 வயது வேண்டும், கூடவே அங்கீகாரம் பெற்ற நிபுணர் வண்டியைப் பார்த்து, அசல் நிலையில் இருக்கிறது என்று சான்று தர வேண்டும். எத்தனை நாளும் ஓட்டலாம். அங்கே நம்புவது நிபுணரை. நியூ சவுத் வேல்ஸில் 30 வயது, சங்கம் கட்டாயம், சங்க நிகழ்ச்சிகள் போக சொந்த உபயோகத்துக்கு 60 நாள் லாக்புக்.

இவற்றில் எந்த ஊர் விதி காரை நன்றாகக் காப்பாற்றுகிறது என்பதைவிட, எந்தக் காரைக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அசல் நிலையும் நிபுணரும் என்று வைத்தால் மெர்சிடிஸ் தப்பிக்கும். 50 வயது என்று வைத்தால் அரண்மனை ஷெட்டில் இருந்த கார் தப்பிக்கும். இந்தியாவில் தனியார் காரின் முதல் பதிவு 15 வருஷம். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 15-லிருந்து 50-க்குப் போய்ச் சேர ஒரு கார் ஏழுமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800 கார்களுக்கு 2033-இல்தான் விண்டேஜ் யோகம். இந்தியாவின் நடுத்தரக் குடும்பத்தை முதல்முதலாகக் காரில் ஏற்றிய வண்டி அது. அதுவரை எத்தனை தப்பிக்கும்? காருக்கு 15 வயதிலிருந்து 50 வயதுவரை யாரும் அதைக் கிளாசிக் என்று சொல்லமாட்டார்கள், பழைய இரும்பு என்றுதான் சொல்வார்கள். அந்த 35 வருஷத்தைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். அதைத்தான் விக்டோரியாவின் 25 வருஷ விதி போட்டுக் கொடுக்கிறது.

அங்கே இந்த விஷயத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. 1948-இல் முதல் ஹோல்டன் வெளிவந்தது மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில். ஃபோர்டு ஃபால்கன் 1960-லிருந்து பிராட்மெடோஸில். கேம்ரி ஆல்டோனாவில். பிராட்மெடோஸ் தொழிற்சாலை 2016 அக்டோபர் 7-ஆம் தேதி மூடியது. அடுத்த வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி ஆல்டோனாவும் மூடியது. இப்போது அந்த மாநிலத்தில், ஏன் அந்த நாட்டிலேயே, குடும்பக் கார் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை. கிரேக்கம், இத்தாலி, வியட்நாம், இலங்கை என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அந்தத் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தார்கள், அதே கார்களை வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். 2025-இல் நான் இதை எழுதும்போது, 2000-இல் ஆல்டோனாவில் செய்த கேம்ரி பெர்மிட்டுக்குத் தகுதியாகிறது. கடைசி ஃபால்கனின் முறை 2041-இல் வரும்.

"கேம்ரியெல்லாம் கிளாசிக்கா?" என்று சங்கக் கூட்டங்களில் சிரிப்பார்கள். 25 என்பதை 30 ஆக்க வேண்டும், விசேஷக் கார்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டும் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதை மட்டும் பார்ப்பதால் விதிக்கு ரசனை கிடையாது, ரசனை இல்லாததால்தான் அது நியாயமாக இருக்கிறது. எது பாரம்பரியம் என்று ஒருவர் ரசித்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால், எப்போதும் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஜெயிக்கும். நாலு கதவு ஃபால்கனுக்கு வாக்குப் போட யாரும் இருக்கமாட்டார்கள். பாதுகாக்கப்படாததற்குக் காரணம் அது சாதாரணமாக இருந்தது என்பதுதான். எல்லார் வீட்டிலும் இருந்தது, அதனால் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

என்ன செய்யலாம்

விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டு யோசனை சொல்லாமல் போகக்கூடாது. மூன்று சொல்கிறேன்.

ஒன்று, 25 வருஷத்தைத் தொடவே கூடாது. 

இரண்டு, 45-ஐ 52 ஆக்கலாம், கட்டணத்தை அதற்கேற்றபடி கொஞ்சம் ஏற்றினாலும் பரவாயில்லை. 

மூன்று, சங்கத்தின் வழியை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு வாசலும் திறக்கலாம். சங்கத்தில் சேர விருப்பமில்லாதவரோ, இடம் கிடைக்காதவரோ, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற பரிசோதகரிடம் ரோட்வொர்த்தி வாங்கிக் கொடுத்தால் பெர்மிட் தரலாம். அதற்கு ஆகும் செலவு சந்தாவைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆகவே சங்கங்கள் ஆளில்லாமல் போய்விடாது. கார்களை நேசிப்பவர்கள் சங்கத்துக்கே போவார்கள். ஆனால் "இதில் என்ன விசேஷம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்காது.

லாக்புக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். அண்ணையின் லாக்புக்கைப் புரட்டிப் பார்த்தேன். பெர்மிட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது 29 வரி நிரம்பியிருந்தது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். நடுவில் தொடர்ந்து நாலு நாள், மகள் அடிலெய்டிலிருந்து வந்திருந்தபோதாம். எங்கே போனார்கள் என்று அதில் இல்லை, விதி அதைக் கேட்கவில்லை. மிச்சம் 16 வரி இருக்கிறது, அதுவே மிஞ்சிப்போகும் என்கிறார்.

வேறு மாநிலங்களில், வேறு நாடுகளில் இப்படிப் பழைய வண்டியைப் பதிந்து வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர் விதி எப்படி என்று எழுதுங்கள். முக்கியமாக, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.